காற்று அடித்தால் அல்ல, நின்றால்தான் ஆபத்து!

பாலைவன ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர் எதற்குப் பயப்பட வேண்டும்?

"காத்துக்குத்தான்!" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் ஒரே சீராக அடிக்கும் காற்றை எப்படியும் சமாளித்து விடலாம். அடித்துக்கொண்டே இருக்கும் காற்று திடீர் என்று நிற்கிறதே, அதில்தான் இருக்கிறது ஆபத்து.

ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சால்மரைச் சுற்றி கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள் நிற்கின்றன. காற்று இல்லாத இடத்தில் காற்றாலைக்கு என்ன வேலை? கோடையிலும் மழைக்காலத் தொடக்கத்திலும் அங்கே தென்மேற்குக் காற்று பலமாக வீசும். தடுக்க மரமும் இல்லை, மலையும் இல்லை.

லாரி வந்தால் உஷார்!

ஜெய்சால்மரில் இருந்து பொக்ரானுக்குப் போகும் ரோடு கிழக்கு நோக்கிச் செல்கிறது. தென்மேற்குக் காற்று வலது பக்கம் இருந்து தள்ளும். வண்டி நேராகப் போக வேண்டுமே! ஓட்டுபவர் தன்னை அறியாமலே வலது பக்கம் சாய்ந்து ஓட்டுவார்.

அப்போது எதிரே ஒரு லாரி வருகிறது. அது காற்றை மறைக்கிறது. தாங்கிப் பிடித்த காற்று நின்றதும், சாய்ந்த வண்டி சாய்ந்த பக்கமே போகும். அதாவது, நேராக லாரியை நோக்கி!

லாரி தாண்டியதும் காற்று மறுபடி பளார் என்று அறையும். இப்போது வண்டி இடது பக்கம் ஒதுங்கி, ரோட்டு ஓர மணலில் இறங்கும். எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்து விடும்.

ஆகவே தூரத்தில் லாரியைக் கண்டதுமே வேகத்தைக் குறைக்க வேண்டும். லாரிக்கும் வண்டிக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும். அதற்காக ரோட்டின் விளிம்புக்கும் போய்விடக் கூடாது.

பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பது தப்பு. முழங்காலால் டாங்கியை அணைத்துக்கொண்டு, கையைத் தளர விட வேண்டும். காற்று வரும் பக்கத்துக் கைப்பிடியை லேசாக முன்னால் அழுத்தினால், வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து கொடுக்கும்.

காற்றின் வேகம் 2 மடங்கு ஆனால், அது தள்ளும் பலம் 4 மடங்கு ஆகும். பின் சீட்டில் உயரமாக மூட்டை கட்டினால் அது கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கும். சாமானைத் தாழ்வாகக் கட்ட வேண்டும்.

மணலில் பிரேக் போடாதே!

ரோட்டின் குறுக்கே காற்று மணலைக் கொட்டி வைத்திருக்கும். அதன் மேல் ஏறிய பிறகு முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழ வேண்டியதுதான். மணலைத் தொடும் முன்பே வேகத்தைக் குறைத்து, திருப்பாமல் நேராக ஓட்டிக் கடக்க வேண்டும்.

சுவர் போல வரும் புழுதி

வடநாட்டில் புழுதிப் புயலுக்கு 'ஆந்தி' என்று பெயர். 2018-ம் ஆண்டு மே 2-ந் தேதி ராஜஸ்தானிலும் உத்தரபிரதேசத்திலும் அடித்த புயலில் 100 பேருக்கு மேல் பலி ஆனார்கள். சுவர் இடிந்தும் மரம் விழுந்தும் இறந்தவர்கள் பலர்.

அடிவானத்தில் பழுப்பு நிறச் சுவர் தெரிந்தால், "தாண்டிடலாம்" என்று முறுக்கக் கூடாது. ரோட்டை விட்டு நன்றாக விலகி நிறுத்தி, எல்லா விளக்கையும் அணைக்க வேண்டும்.

விளக்கை ஏன் அணைப்பது? புழுதியில் கண் தெரியாமல் வரும் டிரைவர், எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் ரோடு என்று நினைத்து அதன் மேலேயே வந்து மோதுவார்! அமெரிக்காவில் பாலைவன மாநிலமான அரிசோனாவின் போக்குவரத்துத் துறையும் இதைத்தான் வற்புறுத்துகிறது.

வண்டியின் பக்கத்தில் நிற்காமல், ரோட்டை விட்டு இன்னும் தள்ளிப் போய், முகத்தைத் துணியால் மூடி உட்கார வேண்டும். மரம், மின்கம்பம், பழைய சுவர் அருகே ஒதுங்கவே கூடாது.

சைடு ஸ்டாண்டு மணலில் புதையும். அடியில் தட்டைக் கல் வைக்க வேண்டும். காற்று வலது பக்கம் இருந்து அடிக்கும்படி நிறுத்தினால், அது வண்டியை ஸ்டாண்டின் மீதே அழுத்தும். மாற்றி நிறுத்தினால் வண்டி சாய்ந்து விடும்.

புழுதி அடங்க எவ்வளவு நேரம் ஆனாலும் காத்திருப்பதே நல்லது. ஆள் முழுசாக ஊர் போய்ச் சேர்ந்தால் போதாதா?