உஷார்! லேப்ராஸ்கோபிக்குப் பின் தொடை இடுக்கில் எரிகிறதா?

சூலக நீர்க்கட்டி, கர்ப்பப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் என்று லேப்ராஸ்கோபி செய்துகொண்ட பெண்களே, செய்துகொள்ளப் போகிறவர்களே, கவனம்! அடிவயிற்றின் ஓரத்தில் போடும் அரை சென்டிமீட்டர் துளையும் நரம்பைக் காயப்படுத்தக்கூடும். தையல் ஆறிவிட்டது என்பதற்காக வலியைப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள்!

இடுப்பெலும்பின் முன்முனையைத் தொட்டுப் பாருங்கள். அதற்குச் சற்று உள்ளே, சற்றுக் கீழேதான் இலியோஹைப்போகாஸ்ட்ரிக், இலியோஇங்குவினல் என்ற இரு நரம்புகளும் தசை அடுக்குகளுக்குள் ஓடுகின்றன. அடிவயிறு, தொடை இடுக்கு, பிறப்புறுப்பின் மேற்பகுதி ஆகியவற்றின் தோலுக்கு உணர்ச்சி தருபவை இவையே.

துளையை நடுப்பக்கமாகப் போட்டால் வயிற்றுச் சுவரின் ரத்தக்குழாய் அறுபடும் அபாயம். அதற்குப் பயந்து ஓரமாகத் தள்ளி, தழும்பு தெரியாமலிருக்கக் கீழேயும் இறக்கினால் நரம்பு மாட்டிக்கொள்ளும். 2003-இல் வெளியான உடற்கூறு ஆய்வு காட்டிய வழி: ஓரத் துளைகளை அந்த எலும்பு முனையின் மட்டத்திலோ அதற்கு மேலேயோ போட்டால் ஆபத்து குறைகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. 10 மில்லிமீட்டர் துளைகளில் குடலிறக்கம் வராமலிருக்க உள்ளே தையல் போடுவார்கள். அந்தத் தையலிலும் நரம்பு சிக்கலாம்.

அறிகுறிகள்: துளைக்கருகே எரிச்சல், மின்சாரம் பாய்வது போன்ற சுரீர் வலி, அது தொடை இடுக்குக்கு இறங்குதல், தோல் மரத்துப்போதல், இருமினாலோ எழுந்தாலோ வலி கூடுதல். தையலில் சிக்கியிருந்தால் மயக்கம் தெளிந்ததுமே வலிக்கும். தழும்பு இறுக்கினால் வாரங்கள், மாதங்கள் கழித்தும் வரும். தோள்பட்டை வலி வேறு. அது பெரும்பாலும் அறுவையின்போது வயிற்றுக்குள் செலுத்தும் வாயுவால் வருவது, சில நாளில் போய்விடும்.

அறுவைக்கு முன்பே கேளுங்கள்: “டாக்டர், ஓரத் துளைகளை எங்கே போடுவீர்கள்?” பிறகு வலித்தால், வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். அங்கே மரப்பு ஊசி போட்டதும் வலி அடங்கினால், நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். தையலை எடுப்பது, நரம்புவலி மாத்திரை, ஊசி, தேவைப்பட்டால் அறுவை என வழிகள் இருக்கின்றன. “ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும்” என்று வீட்டில் சொன்னாலும் விட்டுவிடாதீர்கள்.

காய்ச்சல், வாந்தி, வயிறு உப்புசம், நேரம் ஆக ஆகக் கூடும் வயிற்றுவலி இருந்தால் குடல் காயமாக இருக்கலாம். நாளை பார்க்கலாம் என்று தள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்!