படம் இருந்தது, கார் பிழைத்தது!

ஆம்பூரில் ஒரு ஷூ எப்படிப் பிறக்கிறது, தெரியுமா?

முதலில் வருவது தோல் அல்ல, ஒரு படம்! வெளிநாட்டுக் கம்பெனி ஒரு ஷூவின் படத்தை அனுப்பும். அல்லது மாதிரிக்கு ஒற்றைக்கால் ஷூவை அனுப்பும். அதைப் பார்த்துப் பேட்டர்ன் போடுவார்கள். கால் வடிவத்தில் செய்த 'லாஸ்ட்' என்ற அச்சின் மேல் கோடு இழுத்து, அந்தக் கோட்டை அட்டைக்கு மாற்றித் துண்டு துண்டாக வெட்டுவார்கள். இந்த வேலை இப்போது கம்ப்யூட்டரிலும் நடக்கிறது. பேட்டர்ன் தயாரான பிறகுதான் தோலில் கத்தி படும்.

ஷூ தேய்ந்து போகலாம், கிழிந்து போகலாம். அட்டை பத்திரமாக இருந்தால் அதே ஷூவை மறுபடியும் செய்யலாம். அட்டையும் தொலைந்து, படமும் தொலைந்தால்? அந்த ஷூ போனது போனதுதான்!

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்தில் தோல் வேலை தெரிந்த குடும்பங்களுக்கு இது புதுச் செய்தி அல்ல. ஆனால் கடல் கடந்த அமெரிக்காவில் இதே உண்மையைக் கார் விஷயத்தில் கண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'அட்டை'யாக அமைந்தவை பழைய பத்திரிகைகள்!

வெட்டி ஒட்டிய கார்

இரண்டாம் உலகப் போர் 1945-ம் ஆண்டு முடிந்தது. போர்முனையிலிருந்து வீடு திரும்பிய அமெரிக்க வாலிபர்கள் பலருக்கு எந்திர வேலை அத்துப்படி. ஆனால் புதுக் கார் வாங்கக் கையில் காசு இல்லை. என்ன செய்தார்கள்? பழைய கார்களை மலிவு விலைக்கு வாங்கினார்கள். மட்கார்டைக் கழற்றி எறிந்தார்கள். கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள். வேகமான எஞ்சினைப் பொருத்தினார்கள். கலிபோர்னியாவின் வறண்ட ஏரிகளில் பந்தயம் விட்டார்கள்.

இந்தக் கார்களுக்கு 'ஹாட் ராட்' என்று பெயர்.

அவர்கள் அதிகம் விரும்பியது 1932-ம் ஆண்டு போர்டு கார். சாமானியர் வாங்கக்கூடிய விலையில் 8 சிலிண்டர் எஞ்சினை போர்டு கம்பெனி கொடுத்தது அந்த ஆண்டில்தான்.

வாசலில் விற்ற பத்திரிகை

1948-ம் ஆண்டு ஜனவரி மாதம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஹாட் ராட் கண்காட்சி நடந்தது. வாசல் படியில் ஒரு வாலிபர் நின்றுகொண்டு பத்திரிகை விற்றார். விலை 25 சென்ட். அதாவது கால் டாலர். அவர் பெயர் ராபர்ட் பீட்டர்சன். வயது 21. பத்திரிகையின் பெயரும் 'ஹாட் ராட்' தான்!

(அதே 1948-ம் ஆண்டில்தான் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியது.)

கார் பட்டறையில் கை அழுக்கோடு நின்றவர்களுக்கு அந்தப் பத்திரிகை வாத்தியாராக இருந்தது. எஞ்சினை எப்படி மாற்றுவது, கூரையை எத்தனை அங்குலம் அறுப்பது என்று படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தது. பொது ரோட்டில் பந்தயம் விட்டு உயிரைப் பலி கொடுக்காதீர்கள் என்று புத்தியும் சொன்னது. அதன் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ், பந்தயத்தை ரோட்டிலிருந்து மைதானத்துக்குக் கொண்டு போக 1951-ம் ஆண்டில் ஒரு சங்கத்தையே ஏற்படுத்தினார். 1953-ம் ஆண்டில் 'ராட் அண்டு கஸ்டம்' என்ற இன்னொரு பத்திரிகையும் வந்தது.

ஒரு டப்பாவில் மூன்று கார்!

இந்தப் பத்திரிகைகளைப் பெரியவர்கள் மட்டுமா படித்தார்கள்? பள்ளிக்கூடப் பையன்களும் படித்தார்கள். அவர்களிடம் காரும் இல்லை. கார் ஓட்டும் வயதும் இல்லை. ஆசை மட்டும் இருந்தது.

அந்த ஆசைக்கு 1958-ம் ஆண்டில் வழி பிறந்தது. ஏ.எம்.டி. என்ற கம்பெனி பிளாஸ்டிக் துண்டுகள் அடங்கிய ஒரு டப்பாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. துண்டுகளைப் பசை போட்டு ஒட்டினால் சின்னக் கார் கிடைக்கும். கடையில் உள்ளபடியே செய்யலாம். அலங்காரக் காராகச் செய்யலாம். பந்தயக் காராகவும் செய்யலாம். மூன்றில் எது வேண்டுமோ அதுதான்!

டப்பா துண்டுகளைக் கொடுத்தது. யோசனையைக் கொடுத்தது பத்திரிகை. பையன்கள் ஒரு டப்பாவின் எஞ்சினை எடுத்து இன்னொரு டப்பாவின் காரில் வைத்தார்கள். பத்திரிகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூரையை அறுத்தார்கள்.

அந்தப் பையன்கள் இன்று தாத்தாக்கள். அவர்களில் பலர் இன்றும் சின்னக் கார் செய்கிறார்கள். பழைய பத்திரிகைகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஏன்?

ஹாட் ராட் கார் ஒரே மாதிரி இருப்பதில்லை. இந்த வருஷம் சிவப்பு. அடுத்த வருஷம் நீலம். இன்று ஓர் எஞ்சின். நாளை வேறு எஞ்சின். 1955-ம் ஆண்டில் இருந்த மாதிரி அந்தக் கார் இன்று எங்கும் இல்லை. படத்தில் மட்டுமே இருக்கிறது!

படத்தை அளப்பது எப்படி?

கணக்கு சுலபம். 1932 போர்டு காரின் முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் உள்ள தூரம் 106 அங்குலம். காரைப் பக்கவாட்டில் எடுத்த படத்தில் அதே தூரம் 5.3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் படத்தில் ஓர் அங்குலம், காரில் 20 அங்குலம். படத்தில் முன் கண்ணாடி அரை அங்குல உயரம் இருந்தால், காரில் அது 10 அங்குலம்!

சின்னக் காரை 25-ல் ஒரு பங்கு அளவில் செய்வது வழக்கம். 10 அங்குலத்தை 25-ஆல் வகுத்தால் 0.4 அங்குலம். சுமார் ஒரு சென்டி மீட்டர். அவ்வளவுதான்! நிஜக் காரில் 3 அங்குலம் கூரையை அறுத்திருந்தால், சின்னக் காரில் 3 மில்லி மீட்டர் அறுக்க வேண்டும். கத்தி கொஞ்சம் நழுவினால் போயிற்று!

ஸீட் விஷயத்தில் ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கை உண்டு. நிஜ ஸீட்டில் தோல் இருக்கிறதே, சின்ன ஸீட்டுக்கும் தோலையே ஒட்டினால் என்ன? ஷூவின் மேல்பாகத்துக்குப் போடும் தோல் சுமார் 1.2 மில்லி மீட்டர் கனம். 25-ல் ஒரு பங்கு காரில் அது 3 சென்டி மீட்டர் கனத் தோல் மாதிரி தெரியும். மெத்தையைச் சுருட்டி வைத்தது போல் இருக்கும்! ஷூ கம்பெனியில் மடிக்கும் இடத்தில் தோலின் ஓரத்தைச் சீவுவார்களே, அதை விடவும் மெல்லியதாகச் சீவ வேண்டும். அதனால் பலர் பிளாஸ்டிக்கிலேயே தோல் நிறத்தைப் பூசிவிடுகிறார்கள்.

நிறம் என்றால் இன்னொரு சங்கடம். பழைய படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. கார் பச்சையா, சிவப்பா என்று படம் சொல்லாது. படத்துக்குக் கீழே அச்சடித்த இரண்டு வரிதான் சொல்லும். அந்த எழுத்தைப் படித்தால்தான் காருக்கு நிறம் கிடைக்கும்!

மறைந்த கார் திரும்பி வந்தது

எட் ராத் என்பவர் கலிபோர்னியாவில் இருந்த கார் கலைஞர். கண்ணால் பார்த்து, கையால் சாந்து பூசி வடிவம் கொடுத்து, அதன் மேல் பைபர் கிளாஸ் போட்டுக் காரின் உடலைச் செய்வார். 1963-ம் ஆண்டில் அவர் 'மிஸ்டீரியன்' என்ற காரைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். அதற்கு இரண்டு எஞ்சின்கள்! கூரையோ கண்ணாடிக் குமிழி போல் இருந்தது.

ரெவெல் என்ற கம்பெனி அந்தக் காரைச் சின்ன மாடலாகச் செய்து விற்றது. பத்திரிகைகள் படம் போட்டன. ஆனால் நிஜக் காருக்கு ஆயுள் இல்லை. இரண்டு எஞ்சின்களின் பாரத்தைச் சட்டம் தாங்கவில்லை, உடைந்தது. கடைசியில் கார் இல்லாமலே போயிற்று.

கதை அதோடு முடிந்ததா? இல்லை! 2000-ம் ஆண்டுக்குப் பிறகு டேவ் ஷூட்டன் என்ற கைவினைஞர் அதே காரை முழு அளவில் மறுபடியும் கட்டினார். அவருக்கு வழி காட்டியவை பழைய படங்களும், பையன்கள் பசை போட்டு ஒட்டிய அந்தச் சின்ன மாடலும்தான். பெரிய காரைப் பார்த்துச் சின்னக் கார் பிறந்தது. சின்னக் காரைப் பார்த்துப் பெரிய கார் மறுபிறவி எடுத்தது!

நம் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது?

கார் கதை இருக்கட்டும். நம் ஊருக்கு வருவோம்.

ஒரு காலத்தில் ரயிலடிக்குப் போனால் குதிரை ஜட்கா நிற்கும். வளைந்த கூரை, உள்ளே வைக்கோல் மெத்தை, பின்னால் ஏறும் படி. அதன் சக்கரம் எத்தனை அடி? கூரை வளைவு எத்தனை அங்குலம்? ஆவாரம் பட்டை ஊறலில் தோலைப் போட்டு வைத்த பழைய டேனரிக் குழி எத்தனை அடி ஆழம்? அளந்து வைத்தவர்கள் மிகச் சிலரே. ஜட்கா செய்த தச்சர்கள் போன பிறகு, பேரப்பிள்ளை ஒரு சின்ன ஜட்கா செய்ய ஆசைப்பட்டால் எதைப் பார்த்துச் செய்வான்?

பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய போட்டோவும், பழைய பத்திரிகையும் முதலில் எடைக்குப் போகின்றன. கிலோவுக்குக் கிடைப்பது சில ரூபாய். தராசில் ஏற்றும் முன் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். வண்டி, கருவி, கடைத்தெரு எது தெரிந்தாலும் அந்தப் பக்கத்தை எடுத்து வையுங்கள். போட்டோவின் பின்னால் ஊரையும் வருஷத்தையும் நிறத்தையும் எழுதுங்கள். பழைய பொருள் இன்னும் வீட்டில் இருந்தால், பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலை வைத்து, நேர்ப் பக்கமாக நின்று ஒரு படம் எடுங்கள். பேரப்பிள்ளைக்கு அது போதும். மீதியை அவன் கணக்குப் போட்டுக்கொள்வான்.

ஷூவுக்கு அட்டை எப்படியோ, போன பொருளுக்குப் படம் அப்படி!