வெறுப்பும் இல்லையாம், உரிமையும் இல்லையாம்!

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஒரு பெண் படிக்க விரும்பினார். அவர் பெயர் முத்துலட்சுமி.

உடனே எதிர்ப்பு கிளம்பியது. வகுப்பில் ஒரு பெண் உட்கார்ந்தால் பையன்களின் ஒழுக்கம் கெட்டுவிடும் என்றார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதற்குச் செவி சாய்க்கவில்லை. பெண்ணுக்கு இடம் கொடுக்கும்படி உத்தரவிட்டார்.

அந்தப் பெண் 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னை சட்டசபையின் முதல் பெண் மெம்பர் ஆனார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி!

அன்று எதிர்த்தவர்கள் பெண்களை வெறுத்தவர்களா? அவர்கள் வீட்டிலும் தாய் உண்டு, மகள் உண்டு. கேட்டிருந்தால், "எங்களுக்கு என்ன வெறுப்பு?" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் வகுப்பில் மட்டும் இடம் கிடையாது!

இன்று அதே பேச்சு வேறு சிலரைப் பார்த்துப் பேசப்படுகிறது.

யார் அவர்கள்?

ஆணை விரும்பும் ஆண்கள் உண்டு. பெண்ணை விரும்பும் பெண்கள் உண்டு. இவர்களைத் தன்பால் ஈர்ப்பாளர்கள் என்கிறார்கள். இது நோய் அல்ல என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2018-ல் அறிவித்தது.

ஆனால் 1860-ல் வெள்ளைக்காரர்கள் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு அவர்களைக் குற்றவாளிகள் ஆக்கியது. ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம்!

71-க்கு 24

அந்தப் பிரிவைத் திருத்த, 2015 டிசம்பர் 18-ந் தேதி சசி தரூர் எம்.பி. மக்களவையில் ஒரு மசோதா கொண்டு வந்தார். இப்படித் தனி மெம்பர் கொண்டு வரும் மசோதாவை ஆரம்பத்திலேயே தடுப்பது வழக்கம் இல்லை. முதலில் பேச விடுவார்கள். பிடிக்காவிட்டால் பிறகு தோற்கடிப்பார்கள்.

இந்த மசோதாவுக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை. எதிராக 71 ஓட்டு. ஆதரவாக 24 ஓட்டு. வாசலிலேயே கதவு சாத்தப்பட்டது.

2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டுதான் அவர்களுக்கு விடுதலை கொடுத்தது. மனம் ஒப்பி வாழும் இருவர் குற்றவாளிகள் அல்ல என்று தீர்ப்புக் கூறியது.

மந்திரி சொன்னது

அடுத்து, "எங்கள் திருமணத்தையும் சட்டம் ஏற்க வேண்டும்" என்று பல ஜோடிகள் வழக்குப் போட்டார்கள். 2023 மார்ச் மாதம் மத்திய சர்க்கார் அதை எதிர்த்தது. யாருடைய சொந்த வாழ்க்கையிலும் சர்க்கார் தலையிடவில்லை. ஆனால் திருமணம் என்பது கொள்கை விஷயம் என்றார், அப்போதைய சட்ட மந்திரி கிரண் ரிஜிஜு.

ஒரு கட்சியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அப்போது காங்கிரஸ் ஆண்ட ராஜஸ்தானும் எதிர்ப்புத் தெரிவித்தது.

2023 அக்டோபர் 17-ந் தேதி தீர்ப்பு வந்தது. இதற்குச் சட்டம் செய்ய வேண்டியது பாராளுமன்றமே என்றார்கள் நீதிபதிகள். முன்பு எந்தக் கதவு சாத்தப்பட்டதோ, அதே கதவுதான்!

இதனால் என்ன நஷ்டம்?

இரண்டு பெண்கள் 20 ஆண்டு சேர்ந்து வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால், அவர் பெயரில் உள்ள வீடு உறவினருக்குப் போய்விடும். கூட வாழ்ந்தவர் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

2024-ல் சர்க்கார் கொஞ்சம் இறங்கி வந்தது. இத்தகைய ஜோடிகளை ரேஷன் கார்டில் ஒரே குடும்பமாகக் கருதலாம். பாங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கத் தடை இல்லை என்று அறிவித்தது. ஆனால் சொத்து? குடும்பப் பென்ஷன்? அவை இன்னும் வரவில்லை.

"எனக்குத் தெரியவில்லை"

மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள் பெற்றோருக்குப் பயந்து சென்னைக்கு ஓடி வந்தார்கள். அவர்கள் வழக்கு ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது.

"எனக்கு வெறுப்பு இல்லை" என்று அவர் சொல்லிவிட்டு நகரவில்லை. இதைப் பற்றித் தமக்குச் சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு போட்டார். அந்தப் பெண்களைப் போலீசார் தொல்லை செய்யக்கூடாது. மருத்துவம் என்ற பெயரில் இத்தகையவர்களை "மாற்ற" முயல்வதைத் தடுக்க வேண்டும் என்றார்.

2025 மே மாதம் அதே ஐகோர்ட்டில் இன்னொரு வழக்கு. வீட்டில் அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணை நீதிபதிகள் விடுவித்தார்கள். குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றும் சொன்னார்கள்.

"வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு" என்பது நம் ஊர்ப் பழமொழி. ஒருவர் மனத்தில் வெறுப்பு உண்டா, இல்லையா என்று யாரால் பார்க்க முடியும்? ஓட்டுப் போடும்போது அவர் கை எந்தப் பக்கம் போகிறது என்பதை எல்லோரும் பார்க்கலாம்.