மேடையேறிய மலைக்கலைகள்

கேரள மாநிலப் பள்ளிக் கலைவிழா 1957ஆம் ஆண்டு எறணாகுளத்தில் தொடங்கியது. ‘கலோத்சவம்’ எனப்படும் இவ்விழாவில் ஆண்டுதோறும் பல்லாயிரம் மாணவர்கள் போட்டியிடுகின்றனர். பரதநாட்டியம், மோகினியாட்டம், கதகளி முதலிய கலைகள் இதில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. ஆயினும் தமிழக எல்லையை ஒட்டிய மலைகளில் வாழும் பழங்குடி மக்களின் ஆட்டங்களுக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இவ்விழாப் போட்டிகளில் இடமில்லை.

மலைவாழ் மாணவர்களை எவரும் வாயிலில் தடுத்து நிறுத்தவில்லை. போட்டியில் சேரும் உரிமை அவர்களுக்கும் இருந்தது. ஆனால், பாட்டியிடம் ஆட்டம் கற்று வந்த ஒரு மாணவி போட்டிப் பட்டியலைப் பார்த்தால், அதில் அவளது ஆட்டத்தின் பெயர் இராது. பட்டியலில் உள்ள கலைகளைக் கற்கவோ ஆசிரியர், ஆடை, அணிகலன், பக்கவாத்தியம் எனப் பெரும்பொருள் வேண்டும். இவ்விழாவில் உயர்தரம் பெறுவோர்க்குப் பொதுத்தேர்வில் கருணை மதிப்பெண்ணும் உண்டு. ஆகவே, மேடை கிட்டாத மாணவி இழப்பது பரிசை மட்டுமன்று.

எல்லார்க்கும் ஒரே விதி என்பது சமத்துவத்தின் தொடக்கம். அவரவர் கலையோடு வந்து நிற்க இடம் இருப்பதே சமவாய்ப்பு.

2025ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திருவனந்தபுரத்தில் நடைபெற்ற 63ஆம் கலைவிழாவில் இந்நிலை மாறியது. ஐந்து பழங்குடி ஆட்டங்கள் முதன்முறையாகப் போட்டியில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் மூன்று, எல்லைப்புறக் கலைகள். இருளர் நடனம் பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிக்கு உரியது. மலைப்புலையர் ஆட்டம் இடுக்கி மாவட்டத்து மறையூர் மலைகளுக்கு உரியது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆடும் இவ்வாட்டம் மெல்லத் தொடங்கி, உறுமியின் தாளத்திற்கேற்ப விரைவு கொள்ளும். பளியர் நடனம் குமுளிப் பகுதியில் வாழும் பளியர்க்கு உரியது. வயநாட்டுப் பணியர் நடனமும் காசர்கோட்டு மங்கலங்களியும் ஏனைய இரண்டு.

இவற்றை எச்சமூகத்து மாணவரும் கற்று ஆடலாம். பல பள்ளிகள் பழங்குடிக் கலைஞர்களையே பயிற்சியாளர்களாக அழைத்தன. ஊர்த் திருவிழாவில் மட்டும் ஆடிவந்தவர்கள் பள்ளி வளாகத்தில் ஆசிரியராக நின்றனர்.

இம்மாற்றத்திற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் இனப் பாடகி நஞ்சியம்மா நாடறியப் பெற்றார். ஆடு மேய்த்து வாழ்ந்த அவர், ‘அய்யப்பனும் கோஷியும்’ என்னும் மலையாளத் திரைப்படத்தில் தம் தாய்மொழியில் பாடினார். அதற்காக 2022ஆம் ஆண்டு சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. முறையாக இசை பயிலாதவர்க்கு இவ்விருது தகுமா எனச் சிலர் வினவினர். தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக் கேட்டுக் கற்பதும் பயிற்சியே எனப் பலர் மறுமொழி கூறினர். எது கலை, எது பயிற்சி என்பதை முடிவு செய்பவர் யார் என்னும் கேள்வியே அவ்விவாதத்தின் உட்பொருள்.

அக்கேள்வி கலைவிழாவுக்கும் பொருந்தும். ஊரில் இரவெல்லாம் நீளும் ஆட்டம், போட்டி மேடையில் சில நிமிடங்களுக்குள் சுருங்குகிறது. அதில் எதை விடலாம், எதை விடலாகாது என்பதை அம்மக்களே நன்கறிவர். ஆதலால், மேடையில் மட்டுமன்றி நடுவர் இருக்கையிலும் பயிற்சிக் கூடத்திலும் அவர்களுக்கு உரிய இடம் வேண்டும். இல்லையேல் ஆட்டம் எங்கும் பரவும்; அதைக் காத்தவர்கள் பார்வையாளராகவே நிற்பர்.

இருளர், பளியர் மொழிகள் தமிழோடு நெருங்கிய உறவுடையவை. ஒரு காலத்தில் ‘கொச்சை’ என ஒதுக்கப்பட்ட பேச்சு இன்று மேடையில் பாட்டாக ஒலிக்கிறது. வீட்டில் பேசும் மொழியைப் பள்ளி வாயிலிலேயே விட்டுச்செல்லும் பிள்ளைகள் எல்லை ஊர்களில் இன்றும் உளர். தன் வீட்டுப் பாட்டு பள்ளி மேடையில் ஒலிப்பதைக் கேட்கும் பிள்ளை, அடுத்த நாள் அம்மொழியில் பேசத் தயங்குவதில்லை.