ஒரே ஆள் கடையில் ‘நானா’, ‘நாங்களா’?

சித்தூரிலும் திருப்பதியிலும் கடைத்தெருவில் நடந்தால் இப்படி ஒரு கடை கண்ணில் படாமல் இராது. உள்ளே ஒரே தையல் இயந்திரம்; அதை மிதிப்பவரும் ஒருவரே. வெளியே பலகையிலோ, “எங்களிடம் சகல துணிகளும் குறித்த நாளில் தைத்துத் தரப்படும்” என்றிருக்கும். யார் அந்த ‘எங்கள்’?

பிழைப்புத் தேடி வந்து, சேமித்த பணத்தில் தனியாகத் தொழில் தொடங்கும் தமிழர்களுக்கு இது வெறும் இலக்கணச் சந்தேகம் அன்று. பலகையோ, பில் புத்தகமோ, இணையதளமோ, எழுதும் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் வாடிக்கையாளர் பணம் கொடுக்கிறார்.

இரு மொழி வசதி

1911 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை, சித்தூரும் திருப்பதியும் வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. தமிழும் தெலுங்கும் அன்றிலிருந்தே இங்கு அண்டை வீட்டு மொழிகள். கேட்பவரை விலக்கி ‘நாங்கள்’, சேர்த்து ‘நாம்’ என்று தமிழில் இரு சொற்கள் உண்டு. தெலுங்கிலும் அப்படியே ‘மேமு’, ‘மனமு’. ஆங்கிலத்திலும் இந்தியிலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான். அங்கிருந்து அறிவிப்பை மொழிபெயர்ப்பவர் சற்று அயர்ந்தால், “சாயம் போனால் நாம் பொறுப்பு” என்று எழுதி, துணி கொடுத்தவரையும் பொறுப்பில் சேர்த்துவிடுவார்!

‘நான்’ ஆணவமா?

‘நான்’ என்றால் அகந்தையாகத் தோன்றுமோ என்று பலர் கூசுகிறார்கள். ஆனால், ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வந்த உயர்வுச் சொல்லே, இலக்கண முறை அன்று என்கிறது தொல்காப்பியம். அப்படிப் பார்த்தால், ஒற்றை ஆள் தன்னை ‘நாங்கள்’ என்பதே தன்னை உயர்த்திக்கொள்வதாகும்.

பலர் இருப்பதாக நம்பிக் கலியாணத் துணியைக் கொடுத்தவர், தையற்காரர் காய்ச்சலில் படுத்தால் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். “நான் ஒருவனே தைக்கிறேன், பத்து நாள் வேண்டும்” என்று முன்பே சொல்லியிருந்தால், ஒன்று பொறுத்துக்கொள்வார், அல்லது வேறு கடை பார்த்துக்கொள்வார். இருவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

சட்டமும் இதையே சொல்கிறது. தனி உரிமையாளர் வியாபாரத்தில் கடனுக்கு அவரே முழுப் பொறுப்பு. சொந்தச் சொத்தும் அதில் அடங்கும். ‘நாங்கள்’ என்று எழுதியதால் பாரம் பங்கிடப்படுவதில்லை. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி ஒருவரே கம்பெனி அமைக்கலாம்; அப்போது கம்பெனி வேறு, அவர் வேறு. இணையதளம் நடத்தி விற்பவர் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரங்களை அதில் காட்ட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதி.

ஆனால் ஒன்று. கணவர் தைக்க, மனைவி இரவில் காஜா எடுத்துப் பித்தான் கட்டுகிறார் என்றால், அங்கே ‘நாங்கள்’ என்பதுதான் உண்மை. ‘நான்’ என்று எழுதினால் அவருடைய உழைப்பு மறைந்துபோகும்.

ஆகவே, பலகை எழுதுமுன் கடைக்குள் வேலை செய்யும் கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு கைகளே என்றால் ‘நான்’ என்று எழுதி, கீழே பெயரையும் விடுமுறை நாளையும் போட்டுவிடலாம். வாடிக்கையாளர் தேடி வருவது அந்தக் கைகளைத்தான்.