தரையைத் தெரிவுசெய்வது யார்?

2018ஆம் ஆண்டு கார்த்திகை மாதம். நல்ல மழை. காலை ஏழு மணிக்குக் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியது பதினான்கு வயதுப் பிள்ளை.

"மிஸ், அம்மா விழுந்திட்டா. கை முறிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரியிலை நிக்கிறம்."

"எங்கேயம்மா விழுந்தவ?"

"பத்திக்குள்ளை. நீங்கள் போட்டுத் தந்த மாபிளிலை."

'நீங்கள் போட்டுத் தந்த' என்று அந்தப் பிள்ளை குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. இடத்தைத்தான் சொன்னாள். ஆனாலும் அந்த மூன்று சொற்களும் இன்றுவரை என் காதில் நிற்கின்றன.

அந்த அக்கா 2009இல் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். 1987 முதல் இயங்கிவரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்தில் செயற்கைக்கால் பொருத்திக்கொண்டவர். 2013இல் இந்திய வீட்டுத்திட்டத்தில், ஐந்தரை இலட்சம் ரூபா உதவியுடன் தன் சேமிப்பையும் சேர்த்து வீட்டைக் கட்டி முடித்தார். பின்னர் வீட்டோடு சாய்த்து ஒரு தகரப் பத்தி இறக்கினார். வசதியானவர்கள் அதைக் கராச் என்பார்கள். பக்கச் சில்லுகள் பொருத்திய அவருடைய ஸ்கூட்டர் அங்கேதான் நிற்கும். அதன் அருகில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து சைக்கிள் திருத்துவார். ஒட்டுப் போடுவது, சில்லு நெளிவெடுப்பது, செயின் மாற்றுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை.

அந்தப் பத்திக்குத் தரை போட எமது நிறுவனத்தில் சிறு உதவி கிடைத்தது. நான் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். கடையொன்றில் மிஞ்சியிருந்த வெள்ளை மாபிள்களை மேசன் மலிவாக வாங்கித் தருவதாகச் சொன்னார். மனதில் அப்போதே ஒரு படம் வந்துவிட்டது. பளபளக்கும் தரை, நாடா வெட்டும் விருந்தினர், அறிக்கையின் முன்பக்கத்தில் புகைப்படம். அக்காவிடம், "மாபிள் போடுவமா அக்கா, வடிவாயிருக்கும்" என்றேன். "உங்கடை விருப்பம் தங்கச்சி" என்றார். அதை நான் சம்மதம் என்று எழுதிக்கொண்டேன்.

நான் சமூகவியல் படித்தவள். 'பங்குபற்றல்' என்ற சொல்லைப் பரீட்சைத் தாள்களில் எத்தனையோ தடவை எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். உதவி பெறுகின்ற ஒருவர் 'உங்கடை விருப்பம்' என்று சொன்னால், மறுத்தால் கிடைப்பதும் போய்விடுமோ என்ற பயமும் அதற்குள் இருக்கலாம் என்பது எந்தத் தாளிலும் எனக்குக் கேள்வியாக வரவில்லை.

கையில் மாவுக்கட்டுடன் அவர் வீடு திரும்பிய பிறகு போய்ப் பார்த்தேன். நடந்ததை அவரே விளக்கினார். மழையில் வந்த ஸ்கூட்டர் ரயரிலிருந்து தண்ணீர் வடிந்திருக்கிறது. செயினுக்கு விட்ட ஒயிலில் சில துளிகள் அதில் கலந்திருக்கின்றன.

"தங்கச்சி, இந்தக் காலுக்குக் கீழை என்ன கிடக்குதெண்டு எனக்குத் தெரியாது. வழுக்குதோ, ஈரமோ எண்டு மற்றக் கால்தான் சொல்ல வேணும். மாபிளிலை அது சொல்லுறதுக்கு முந்தி நான் நிலத்திலை."

"இதை ஏன் அக்கா முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

அன்றுதான் முதன்முறையாகப் பத்தித் தரையைப் பற்றி அவரிடம் உண்மையாகக் கேட்டேன். அவரும் சொன்னார். அதற்குப் பின் மேசன்மாரிடமும் வேறு பெண்களிடமும் கேட்டு அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

வெறும் மண் தரை

சாணம் மெழுகிய மண் தரை வீட்டுக்குள் குளிர்ச்சியானது, செலவற்றது. ஆனால் வாகனம் நிற்கும் இடத்துக்கு அது பொருந்தாது. சில்லுப்பட்டுக் குழி விழும், மழைக்குச் சேறாகும். அதைவிட முக்கியம், சிந்தும் ஒயிலும் பெற்றோலும் மண்ணுக்குள் இறங்கும். யாழ்ப்பாணத்தில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம்வரை சென்று 2019இல் தீர்ப்பானது. அது ஒரு மின் நிலையத்தைப் பற்றிய பெரிய வழக்கு. எமது பத்தியில் சிந்துவது சில துளிகள்தான். ஆனால் பத்திக்குப் பக்கத்தில் இருப்பது எமது சொந்தக் கிணறு அல்லவா?

கிரவல், சல்லி

பணமில்லாத காலத்தில் கிரவல் பரவி இடித்து இறுக்குவது சேற்றைக் குறைக்கும். ஆனால் ஒயில் இதிலும் கீழேதான் போகும். உருளும் சல்லியில் செயற்கைக்காலுடனோ ஊன்றுகோலுடனோ நடப்பது சிரமம். சக்கர நாற்காலியைத் தள்ளவே முடியாது.

மாபிள்

பளபளப்பான மாபிள் நனைந்தால் வழுக்கும். அத்துடன் மாபிளின் கீழே சாந்து நிறையாமல் வெற்றிடம் இருந்தால், ஸ்கூட்டரின் ஸ்டாண்ட் ஊன்றும் இடத்தில் வெடிக்கும். அக்காவின் பத்தியில் இரண்டு மாபிள்கள் அப்படியே வெடித்திருந்தன. மாபிள்தான் வேண்டுமென்றால் மினுக்கமில்லாத, கைக்குச் சொரசொரப்பாகத் தெரியும் தரை மாபிளை வாங்குங்கள். கடையிலேயே ஒன்றில் தண்ணீர் விட்டு, விரலால் தேய்த்துப் பாருங்கள். சுவருக்குரிய மாபிளை மலிவென்று தரைக்குப் போடாதீர்கள்.

இறப்பர் விரிப்பும் பிளாஸ்ரிக் விரிப்பும்

அக்கா விழுந்த பின் முதலில் சாக்கு விரித்தோம். சாக்கே மாபிளில் வழுக்கியது. பிறகு இறப்பர் விரிப்பு வாங்கினோம். கால் நன்றாகப் பிடித்தது. ஆனால் இயற்கை இறப்பர் ஒயிலையும் பெற்றோலையும் உறிஞ்சி ஊதிப்போகும். சில மாதங்களில் ஸ்கூட்டர் நின்ற இடத்தில் விரிப்பு வீங்கி ஓரம் சுருண்டது. சுருண்ட ஓரம் காலைத் தடுக்கும். எனவே இறப்பர் விரிப்பை வாகனத்தின் கீழே போடாமல், நின்று அல்லது முழந்தாளிட்டு வேலை செய்யும் இடத்தில் மட்டும் போடுவது நல்லது.

தரையில் ஒட்டும் பிளாஸ்ரிக் விரிப்பை வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டடிச் சதுரப் பொலித்தீன் துண்டொன்றைச் சீமெந்துத் தரையில் வைத்து, நான்கு ஓரத்தையும் நன்றாக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உட்பக்கத்தில் நீர்த்துளி படிந்தால் நிலத்து ஈரம் மேலே வருகிறது. அந்தத் தரையில் எதை ஒட்டினாலும் கழன்றுவிடும்.

சொரசொரப்பான சீமெந்துத் தரை

அக்கா கேட்டது இதைத்தான். "மினுக்க வேண்டாம், மேசனுக்கு ஈர்க்கு விளக்குமாறு ஒண்டு குடுங்கோ" என்றார். கொங்கிறீற்றைப் போட்டு மட்டப்படுத்தி, அது இறுகத் தொடங்கும் நேரத்தில், புது விளக்குமாற்றால் ஒரே பக்கமாக மெதுவாக இழுத்துவிட வேண்டும். சிறிய வரிகள் விழும். அந்த வரிகளில்தான் கால் பிடிக்கும்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. நிலத்தை இடித்து இறுக்கி, மேலே தடித்த பொலித்தீன் விரித்தால் ஈரம் ஏறாது. கொங்கிறீற்று 4 அங்குலத் தடிப்பு. சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு என்பது பொதுவான கலவை. 10 அடிக்கு 12 அடிப் பத்திக்கு ஏறத்தாழ ஏழு, எட்டு மூட்டை சீமெந்து செல்லும். வாசல் பக்கமாக 12 அடிக்கு ஒன்றரை அங்குலம் சரிவு விட்டால் தண்ணீர் தேங்காது. சக்கர நாற்காலியோ செயற்கைக்காலோ உள்ள வீட்டில் வாசலில் படி வேண்டாம். ஒவ்வொரு அங்குல உயரத்துக்கும் ஓரடி நீளம் கணக்கிட்டுச் சாய்தளம் விடுங்கள். ஏழு நாளாவது நனைந்த சாக்குப் போட்டு ஈரமாக வைத்திருங்கள். முழுப் பலம் வர ஏறத்தாழ 28 நாட்களாகும்.

பிறகு அதன் மேல் சிவப்புப் பொலிஷ் பூசி மினுக்கினால் செய்த வேலை வீண். ஒயில் சிந்தினால் உடனே மரத்தூளோ மணலோ தூவிக் கூட்டி அள்ளுங்கள். அதைக் கிணற்றுப் பக்கம் கொட்ட வேண்டாம்.

இதையெல்லாம் அறிந்த பின்னும் அக்காவின் தரையை மாற்றுவது இலகுவாக இருக்கவில்லை. 'முடிவுற்ற வேலை' என்று அலுவலகக் கோப்பில் எழுதியாகிவிட்டது. முடிந்த வேலைக்கு இரண்டாம் முறை பணம் ஒதுக்க ஒரு தலைப்பும் இல்லை. பிழை என்னுடையது என்று எழுத்தில் கொடுத்தேன். பாதிப் பணம் கிடைத்தது. மீதியை அக்கா தன் சீட்டுக் காசிலிருந்து போட்டார். கை முறிந்து ஆறு கிழமை உழைப்பில்லாமல் இருந்தவர் போட்ட காசு அது. அதை நினைக்கும்போது இப்போதும் எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

2019இல் மாபிளை உடைத்தெடுத்துச் சீமெந்துத் தரை போட்டோம். மேசனுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, விளக்குமாற்று வரி எந்தப் பக்கம் போக வேண்டுமென்று அக்காதான் சொன்னார். நாடா வெட்டவில்லை, படமும் எடுக்கவில்லை. உடைந்த வெள்ளை மாபிள்கள் கிணற்றடிச் சேற்றில் கவிழ்த்துப் போடப்பட்டன. அவற்றின் பின்பக்கம் சொரசொரப்பானது என்பதை எனக்குக் காட்டியவரும் அவர்தான்.

சகோதரிகளே, 2022இன் நெருக்கடியில் சீமெந்து விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியதை நாம் கண்டோம். ஒரு மூட்டையைக்கூட இரண்டு தரம் வாங்க எம்மால் முடியாது. ஆகவே யாராவது உங்கள் வீட்டுக்குத் தரையோ, கதவோ, கிணற்றுக்கட்டோ செய்து தர வந்தால், 'உங்கள் விருப்பம்' என்று சொல்லாதீர்கள். அங்கே என்ன வேலை செய்வீர்கள், எந்தக் காலை ஊன்றி நிற்பீர்கள், மழைத்தண்ணீர் எந்தப் பக்கத்தால் வரும் என்று சொல்லுங்கள். என்னைப்போலக் கையில் படிவத்துடன் வருபவர் அதைக் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள். அந்தத் தரையில் நாளைக்கும் நிற்கப் போகிறவர் நீங்கள்தான்.