ஒரு செம்புத் தண்ணீர்



ஆகஸ்ட் 29-இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறுகிறது. செப்டம்பர் 8-இல் அன்னையின் பிறப்புப் பெருவிழா. அதற்குச் சில நாள்கள் முன்பே காவி உடுத்தி, தோளில் பையோடு நடப்பவர்களைத் தென்மாவட்டச் சாலைகளில் பார்க்கிறோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி என்று கிழக்கே நடந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. பேருந்தில் ஏறினால் ஒரே நாளில் போய்விடலாம். பிறகு ஏன் ஒரு வாரத்துக்கும் மேலாக நடக்கிறோம்?

நேர்ச்சை என்போம். ஆனால் நேர்ச்சை கடவுளோடு பேசும் பேரம் அல்ல. கேட்டது கிடைக்காதவர்களும் அடுத்த ஆண்டு நடக்கிறார்களே! நடை நமக்கு வேறெதையோ கற்றுத் தருகிறது.

எருசலேமுக்கு ஏறிச் சென்ற இஸ்ரயேல் மக்கள் பாடிக்கொண்டே சென்றார்கள். திருப்பாடல்கள் 120 முதல் 134 வரை அந்தப் பயணப் பாடல்களே. அவர்கள் கண்களை உயர்த்தினால் மலைகள் தெரிந்தன. நம் கரிசல் காட்டில் கண்களை உயர்த்தினால் பனையும் சீமைக்கருவேலமும்தான். அடைமழை ஐப்பசியில்தான் வரும். ஆவணி வெயிலில் கண்மாய் வெடித்துக் கிடக்கும். குண்டாறு வெறும் மணலாகத் தெரியும். இரண்டு மணி நேர நடையில் பாட்டில் காலியாகிவிடும். அப்போது முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் நின்று, “அம்மா, கொஞ்சம் தண்ணி குடுங்க” என்று கேட்கிறோம்.

குடத்தோடு குழாயடியில் காத்து நின்று பிடித்த தண்ணீர் அது. ஆனாலும் அந்தத் தாய் செம்பு நிறையக் கொடுக்கிறார். அவர் எந்த மதம், எந்தச் சாதி என்று நாம் கேட்பதில்லை. தாகத்துக்கு அந்தக் கேள்வி தெரியாது.

நண்பகல் வெயிலில் களைத்துப்போய், யாக்கோபின் கிணற்றருகே அமர்ந்த இயேசுவும் இப்படித்தான் கேட்டார். யூதர் பழகாத சமாரியரிடம், அதுவும் ஒரு பெண்ணிடம், தண்ணீர் கேட்டார். வாழ்வு தரும் தண்ணீரைக் கொடுக்க வந்தவர் முதலில் கையேந்தினார். கொடுப்பது மட்டுமல்ல, வாங்கிக்கொள்வதும் அன்புதான்.

லிஸ்பனில் 1647-இல் பிறந்த புனித அருளானந்தரும் இந்த மறவ நாட்டு மண்ணில் நடந்தவரே. எல்லாச் சாதி மக்களோடும் பழகுவதற்காகப் பண்டார சுவாமியாக வாழ்ந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் இரத்தம் சிந்தினார்.

அன்பானவர்களே, ஒரு கேள்வி நமக்கு. வழிநெடுக யார் கொடுத்தாலும் வாங்கிக் குடித்த நாம், ஊர் திரும்பியபின் அப்படிக் குடிக்கிறோமா? நம் ஊரில் நாம் கை நனைக்காத வீடுகள் உண்டா? யாருக்காவது தனிக் குவளை வைத்திருக்கிறோமா? இருந்தால், வேளாங்கண்ணிக்குப் போனது நம் கால்கள் மட்டுமே. நாம் இன்னும் புறப்படவில்லை. காலில் வந்த கொப்புளம் பத்து நாளில் ஆறிவிடும். சாதி என்னும் புண்ணை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் நடப்பதில் என்ன பயன்?

இந்த ஆண்டு நடப்பவர்கள், தண்ணீர் தந்த வீட்டாருக்காக ஒரு மணி செபமாலை சொல்லுங்கள். காலிப் பாட்டிலைக் கண்மாயில் எறியாதீர்கள். இரவில் நடக்க நேர்ந்தால் விளக்கோடு, சாலையை விட்டு ஒதுங்கி நடங்கள். நடக்க இயலாதவர்கள், உங்கள் வாசலில் ஒரு பானைத் தண்ணீர் வையுங்கள். சிறியோருக்குக் கொடுக்கும் ஒரு கிண்ணம் தண்ணீருக்கும் கைம்மாறு உண்டு என்றவர் நம் ஆண்டவர். அதே பானையில் எல்லாரும் மொண்டு குடிக்கட்டும். அங்கேயும் ஒரு திருப்பயணம் தொடங்கும்.

ஆரோக்கிய அன்னை நம் வழித்துணையாய் வருவாராக. ஆமென்.